"பாதுகாப்பு" என்னும் சொல்: பொருளும் வழக்கும்

நமது சபைகளின் ஜெபங்களில் "பாதுகாப்பு" என்னும் சொல் மிகுதியாக வழங்கி வருகிறது. பயணத்திற்கும் வேலைக்கும் நாட்டிற்கும் ஆத்துமாவிற்கும் பாதுகாப்பை ஒரே மூச்சில் வேண்டிக்கொள்கிறோம். ஆயினும் இச்சொல்லில் அடங்கிய கருத்துக்கள் பலவாகும்; அவற்றுள் ஒன்றுக்கொன்று முரண்படுவனவும் உண்டு. அவற்றைப் பிரித்தறியாமல் பிரசங்கிப்போமாயின், கேட்போரைத் தவறான நம்பிக்கைக்குள் நடத்திவிடக்கூடும்.

மக்கள் வழக்கு

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் வழங்கும் சொற்களை முதலில் நோக்குவோம். நீதிமன்றத்தில் "ஜாமீன்" கேட்கின்றனர். கடனுக்கு நகையை "அடகு" வைக்கின்றனர். நிலம் வாங்கியோர் பத்திரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்கின்றனர். கருவுற்ற பெண்ணுக்கு "வளைகாப்பு" நடத்துகின்றனர். "செக்யூரிட்டி" என்பதோ, வங்கியின் வாயிலில் சீருடையுடன் நிற்கும் காவலரின் பெயராகிவிட்டது. பிறர் பொருளைக் காக்கும் அவருக்கு, அடுத்த ஆண்டு அவ்வேலை நிலைக்கும் என்ற உறுதி பெரும்பாலும் இல்லை.

அந்த ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்திற்குக் "கவலையின்மை" என்பதே பொருள். ஆபத்து இல்லை என்று அது கூறவில்லை. ஆபத்தைப் பற்றிய கவலை இல்லை என்று மட்டுமே கூறுகிறது.

கிரேக்கச் சொல்

புதிய ஏற்பாட்டில் இதற்கு நேரான "அஸ்ஃபலேயா" என்னும் சொல் மூன்று இடங்களில் மட்டுமே வருகிறது. இடறி விழாத நிலை என்பது அதன் வேர்ப்பொருள். நமது பழைய திருப்புதல் இதனை மூன்று வெவ்வேறு சொற்களால் பெயர்த்திருப்பது கவனிக்கத்தக்கது.

முதலாவது, "பத்திரம்" (அப். 5:23). சிறைச்சாலை பத்திரமாய்ப் பூட்டியிருந்தது, காவலரும் நின்றனர், ஆனால் அப்போஸ்தலர் உள்ளே இல்லை. திண்டிவனத்திற்கு மேற்கேயுள்ள செஞ்சிக்கோட்டை இவ்வகைப் பாதுகாப்பின் எல்லையை நன்கு விளக்கும். மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த அக்கோட்டையை முகலாயர் 1690-ல் முற்றுகையிடத் தொடங்கி, 1698-ல்தான் பிடித்தனர். அதே கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி 1750-ல் ஓர் இரவுக்குள் கைப்பற்றினார். குன்றும் மதிலும் இருந்தவிடத்திலேயே இருந்தன; எனினும் அவை காக்கவில்லை.

இரண்டாவது, "சவுக்கியம்" (1 தெச. 5:3). உரோமப் பேரரசு தன் குடிகளுக்கு வாக்களித்த சமாதானத்தையும் பாதுகாப்பையுமே பவுல் இங்குச் சுட்டுகிறார் என்பர் அறிஞர் பலர். பேரரசர் சிலர் அந்த இலத்தீன் சொல்லை நாணயங்களிலும் பொறித்தனர். அந்தச் சவுக்கியம் திடீரெனக் குலையும் என்பதற்குப் பவுல் காட்டும் உவமை, கர்ப்பவதியின் வேதனையாகும்.

மூன்றாவது, "நிச்சயம்" (லூக். 1:4). கேட்ட உபதேசம் நம்பத்தக்கது என்னும் உறுதியே இது. லூக்கா தெயோப்பிலுவுக்கு ஆபத்தற்ற வாழ்வை வாக்களிக்கவில்லை. சிலுவை வழியாய்ச் செல்லும் ஒருவரின் வரலாற்றையே அளிக்கிறார்.

பிணை

அந்த நிச்சயம் எதன்மேல் நிற்கிறது? எபிரெயர் நிருபம் கிறிஸ்துவைப் "பிணையாளி" என்கிறது (7:22). நீதிமொழிகளோ பிறருக்காகப் பிணைப்படுவதைக் குறித்து எச்சரிக்கிறது (6:1-5, 11:15). அவ்வெச்சரிப்பு மெய்யே, பிணைநிற்பவன் தன் பாதுகாப்பை இழக்கிறான். யூதா பென்யமீனுக்காக அவ்விதம் நின்றான் (ஆதி. 43:9), பின்பு அவனுக்குப் பதிலாக அடிமையாகவும் முன்வந்தான் (44:33). கிறிஸ்து நமக்காக நின்றார். ஆகவே கிறிஸ்தவப் பாதுகாப்பு, ஒருவர் தம் பாதுகாப்பை மற்றவருக்காக விட்டுக்கொடுப்பதால் உண்டாவது.

இதற்குத் திண்டிவனமே சாட்சி. 1890-களின் தொடக்கத்தில், ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் இரண்டாம் ஜான் ஸ்கடரின் பங்களாவிற்கு, ஓரிரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியருக்கு உதவி வேண்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றவரும் இந்துவே. ஆண் மருத்துவரை அனுமதிக்க அவர்களது வழக்கம் இடங்கொடுக்கவில்லை. மகள் ஐடாவோ மருத்துவம் கற்றவரல்லர். மூன்று பெண்களும் இறந்தனர். பெண்ணைக் காப்பதற்கென எழுந்த வழக்கமே அவளை அடைத்த மதிலாயிற்று. மிஷன் பங்களாவும் பத்திரமாகவே இருந்தது. அதனால் அப்பெண்களுக்குப் பயனொன்றும் விளையவில்லை.

அமெரிக்காவில் சுகவாழ்வை எண்ணியிருந்த ஐடா, அங்கே மருத்துவம் பயின்று 1900-ல் இந்நாட்டிற்குத் திரும்பினார். 1918-ல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். தமக்கு முன்பின் தெரியாத தாய்மாருக்காக அவர் தம் வாழ்நாளையே பிணையாக வைத்தார் எனலாம்.

ஆதலால், இச்சொல்லை ஜெபத்திலோ பிரசங்கத்திலோ வழங்குமுன், ஆயர்கள் இரு வினாக்களை எழுப்புதல் நலம். பாதுகாப்பு யாருக்கு? அதற்குப் பிணை நிற்பவர் யார்? ஆலயத்தினுள் பாதுகாப்புக்காக மன்றாடும் சபை, அதன் வாயிலில் இரவெல்லாம் விழித்திருக்கும் காவலருக்கும் அவர் குடும்பத்திற்கும் தான் பிணையாக நிற்கிறதா என்பதையும் சிந்திப்பதாக.