டேப் இல்லாமல் டேப்பின் ஒலி எப்படி?

கேளம்பாக்கத்து அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையில், ஒரே மடிக்கணினியில் முழுப் பாடலையும் மிக்ஸ் செய்துவிடலாம். அங்கும் பலர் தேடுவது, 1980களில் சாலிகிராமம் பிரசாத் ஸ்டூடியோவில் டேப்பில் பதிவான பாடல்களின் கதகதப்பைத்தான். அது எங்கிருந்து வந்தது?

டேப்பின் மேல் இரும்பு ஆக்சைடு துகள்கள் பூசப்பட்டிருக்கும். ஒலி வலுக்க வலுக்க அவற்றில் காந்தம் ஏறும். ஓர் அளவுக்கு மேல் ஏற இடமில்லை. ஆனால் அந்த எல்லை சட்டென்று வருவதில்லை. அதனால் மிருதங்கத்தின் ஓங்கிய அடி, டிஜிட்டலில் அளவு மீறும்போது நடப்பதுபோல மட்டமாக வெட்டுப்படாது. முனை மட்டும் மழுங்கும். மழுங்கும்போது மூல ஒலியில் இல்லாத அதிர்வுகளும் பிறக்கின்றன: 200 ஹெர்ட்ஸ் ஒலியோடு 600 ஹெர்ட்ஸும் மெலிதாகச் சேரும். காதுக்கு அது செறிவாகப் படுகிறது.

ஸ்டூடர் ஏ800 போன்ற பழைய டேப் பதிவுக் கருவிகளின் இந்த நடத்தையைக் கணக்காக்கிய மென்பொருள்கள்தான் டேப் பிளக்-இன்கள். அவற்றில் டேப்பின் வேகத்தை வினாடிக்கு 15 அங்குலம் என வைத்தால் பாஸ் சற்றுப் புடைக்கும். 30 வைத்தால் உச்ச ஒலிகள் தெளியும். பழமைக்காக டேப்பின் இரைச்சலையும் சேர்ப்பது வீண் என்பேன்.

பிளக்-இன் போடும்போது ஒலியளவும் கூடலாம்; ஒலியளவு கூடினாலே எதுவும் நன்றாகத்தான் கேட்கும். ஆகவே அளவைச் சமப்படுத்திவிட்டு, பிளக்-இன்னைப் போட்டும் எடுத்தும் கேளுங்கள்.