காரில் உட்கார்ந்தபடியே சினிமா!

சினிமாவுக்குப் போனால் நாம் என்ன செய்கிறோம்? வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, டிக்கெட் வாங்கிக்கொண்டு, கொட்டகைக்குள் போய் நாற்காலியில் உட்காருகிறோம். அமெரிக்காவில் வேறொரு வழக்கமும் உண்டு. அங்கே வண்டியும் நம்மோடு கொட்டகைக்குள் வரும்! திரைக்கு எதிரே வரிசையாகக் கார்கள் நிற்கும். காரின் ஆசனந்தான் நாற்காலி, ஆகாயந்தான் கூரை. 'டிரைவ்-இன்' கொட்டகை என்று இதற்குப் பெயர்.

1958-ம் ஆண்டில் இத்தகைய கொட்டகைகள் அந்த நாட்டில் 4,000-க்கும் மேல் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை சுமார் 300 தான். பத்தில் ஒரு பங்குகூட இல்லை! மற்றவையெல்லாம் எங்கே போயின? இந்த 300 மட்டும் எப்படிப் பிழைத்தன?

இதற்கு விடை தேட ஒரு சிறு பிரயாணம் போதும். நியூஜெர்சி, பென்ஸில்வேனியா என்ற இரண்டு மாநிலங்களும் அடுத்தடுத்து இருப்பவை. இருநூறு மைலுக்குள் இந்தக் கொட்டகைகளின் கதை முழுவதையும் அங்கே பார்த்துவிடலாம். வாருங்கள், புறப்படுவோம்.

பிறந்த இடம்

முதலில் நியூஜெர்சியிலுள்ள காம்டன் நகரம். டெலவேர் ஆற்றுக்கு இக்கரையில் காம்டன், அக்கரையில் பிலடெல்பியா. காம்டனை ஒட்டிய ஓரிடத்தில் 1933-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி முதல் டிரைவ்-இன் கொட்டகை திறக்கப்பட்டது. இதற்கு மூளையாக இருந்தவர் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட். மோட்டார் வண்டிச் சாமான்கள் தயாரிக்கும் தம் தகப்பனாரின் கம்பெனியில் வேலை பார்த்தவர்.

பரீட்சையெல்லாம் அவர் வீட்டு வாசலிலேயே நடந்தது. காரின் முன்மூடிமேல் ஒரு கோடக் புரொஜெக்டரை வைத்தார். எதிரே மரங்களில் ஒரு துணியைக் கட்டினார். துணிக்குப் பின்னால் ஒரு ரேடியோவைப் பாட விட்டார். மழை பெய்தால் படம் தெரியுமா? தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவியைக் காரின்மேல் திருப்பிவிட்டு அதையும் பார்த்தார்!

பெரிய சிக்கல் வேறொன்று. முன்னால் நிற்கும் கார், பின்னால் நிற்கும் காரை மறைக்குமே? முன் சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளை வைத்து உயர்த்திப் பார்த்தார். காரின் மூக்கு சற்று மேலே தூக்கியிருந்தால், முன்வரிசைக்கு மேலாகத் திரை தெரிந்தது. உடனே நிலத்தையே விசிறிபோல் வளைந்த வரிசைகளாகவும் மேடுகளாகவும் அமைக்கத் திட்டம் போட்டு, அதற்குப் பேடண்ட் உரிமையும் வாங்கிவிட்டார். இன்றுவரை டிரைவ்-இன் கொட்டகைகளின் அமைப்பு அதுதான்.

காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட் கட்டணம். எத்தனை பேர் வந்தாலும் ஒரு காருக்கு ஒரு டாலருக்கு மேல் கிடையாது. குழந்தை அழுதால் பக்கத்து ஆசனக்காரர் முறைக்க மாட்டார். பட்டும் பகட்டுமாக உடுத்திக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் ஒலி மட்டும் தொல்லை கொடுத்தது. திரையருகே பெரிய ஒலிபெருக்கிகளை வைத்திருந்தார்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 1,100 அடிதான் போகும். ஆகவே 550 அடி தள்ளி நிற்கும் காருக்கு, நடிகர் வாயை மூடி அரை விநாடி கழித்துத்தான் வசனம் வந்து சேரும்! சுற்றுப்புறத்தாருக்கோ தூக்கமே போயிற்று. 1940-களில்தான் இதற்கு வழி பிறந்தது. காருக்கொன்றாகச் சிறு ஒலிபெருக்கியைக் கம்பத்தில் மாட்டிவைத்தார்கள். அதை எடுத்துக் கார்க் கதவின் கண்ணாடியில் தொங்கவிட்டுக்கொள்ளலாம். படம் முடிந்ததும் அதைக் கழற்ற மறந்து, கம்பியோடு பிய்த்துக்கொண்டு போனவர்களும் உண்டு!

காம்டன் கொட்டகை மூன்று வருஷம்தான் நடந்தது. படங்களுக்கு வாடகை அதிகம். புதுப் படங்களைக் கொடுக்க முதலாளிகள் மனம் வைக்கவில்லை. இன்று அங்கே கொட்டகை கிடையாது. ஹாலிங்ஸ்ஹெட்டின் பேடண்டும் செல்லாது என்று 1949-ல் கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. அவருக்கு அது நஷ்டம், ஊருக்கு லாபம்! யார் வேண்டுமானாலும் கொட்டகை கட்டலாம் என்றாகிவிட்டது. அப்போது யுத்தம் முடிந்திருந்த சமயம். வீடு தோறும் குழந்தைகள், வீடு தோறும் கார், ஊருக்கு வெளியே மலிவான நிலம். கொட்டகைகள் மழைக்காலக் காளான்போல் முளைத்தன.

போய்த் திரும்பி வந்தது

காம்டனிலிருந்து தெற்கே 35 மைல் போனால் வைன்லண்ட் என்ற ஊர். இங்குள்ள 'டெல்ஸி' கொட்டகை 1949-ல் திறக்கப்பட்டது, 1987-ல் மூடப்பட்டது.

ஏன் மூடினார்கள்? டெலிவிஷன் வந்தது, வீடியோ வந்தது, அதெல்லாம் உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் காலடியிலேயே இருந்தது. டிரைவ்-இன் கொட்டகைக்குப் பல ஏக்கர் நிலம் வேண்டும். ஊருக்கு வெளியே சும்மா கிடந்த நிலமாக இருந்தவரை கவலை இல்லை. ஊர் வளர்ந்தது. கொட்டகையைத் தாண்டியும் வீடுகள் வந்துவிட்டன. நிலத்தின் விலை ஏறியது. இரவில் மட்டும், அதிலும் குளிர்காலத்தில் பெரும்பாலும் மூடிக்கிடக்கும் தொழில், அந்த விலைக்கு ஈடு கொடுக்குமா? பல இடங்களில் திரையை இறக்கிவிட்டுக் கடைவீதிகளையும் வீடுகளையும் கட்டினார்கள்.

சட்டமும் ஒரு கை பார்த்தது. கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பதை நாடு முழுவதற்கும் ஒழுங்குபடுத்தி 1966-ல் சட்டம் செய்தார்கள். இதனால் பல ஊர்களில் இருட்டுவதே ஒரு மணி தள்ளிப்போயிற்று. ஜூன் மாதத்தில் ஒன்பது மணி சுமாருக்குத்தான் படம் தொடங்க முடியும். மறுநாள் வேலைக்குப் போகிறவர் எப்படி வருவார்?

1991-ல் நியூஜெர்சியின் கடைசி டிரைவ்-இன் கொட்டகையும் மூடப்பட்டது. பிறந்த மாநிலத்திலேயே ஒன்றுகூட இல்லை! பதின்மூன்று வருஷங்களுக்குப் பிறகு, 2004-ல், குழந்தை வைத்தியர் ஒருவர் வைன்லண்ட் கொட்டகையை மறுபடியும் திறந்து வைத்தார். கடைக்காரர்கள் கைவிட்டதை ஒரு டாக்டர் பிழைக்க வைத்தார் என்றால் மிகையாகாது.

தொண்ணூறு தாண்டிய கிழவர்

இனிப் பிலடெல்பியாவைக் கடந்து, வடக்கே சுமார் 60 மைல் போக வேண்டும். அலன்டவுன் நகரத்தைத் தாண்டினால் ஓர்பீல்ட் என்ற சிற்றூர். இங்கேதான் 'ஷாங்க்வைலர்' கொட்டகை இருக்கிறது. 1934-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி திறக்கப்பட்டது. இன்று நடந்துவரும் டிரைவ்-இன் கொட்டகைகளில் மிகப் பழமையானது இதுவே.

வில்ஸன் ஷாங்க்வைலர் ஓட்டல் நடத்தியவர். காம்டன் கொட்டகையைப் பார்த்துவிட்டு வந்து, தம் ஓட்டலை அடுத்த நிலத்திலேயே திரையை நிறுத்திவிட்டார். 1955-ல் டயேன் என்ற புயல் இந்தக் கொட்டகைக்குப் பெருஞ்சேதம் செய்தது. புதுத் திரை நிறுத்தித் தொழிலைத் தொடர்ந்தார்கள். காலத்துக்கேற்ற மாறுதலுக்கும் இந்தக் கிழவர் பின்வாங்கவில்லை. ஒலியைக் காரின் எப்.எம். ரேடியோவிலேயே கேட்கும் முறையை 1986-லேயே இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். கம்பமும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். ஒரு ஆபத்து மட்டும் உண்டு: இரண்டு படம் முடியும்வரை ரேடியோ பாடினால், வீட்டுக்குப் புறப்படும்போது பாட்டரி தூங்கிவிடும்!

சோளப்பொரியின் மகிமை

அங்கிருந்து பதினைந்து மைல் வடக்கே வால்நட்போர்ட். இங்கே 'பெக்கீஸ்' என்ற கொட்டகை. 1946-ல் தொடங்கியது, தொடங்கிய குடும்பத்தாரிடமே தலைமுறை தலைமுறையாக இருந்து வருவது.

இத்தகைய கொட்டகைகளுக்குக் குடும்பங்கள் பொழுது சாய்வதற்கு முன்பே வந்துவிடும். குழந்தைகள் திரைக்குக் கீழே பந்து விளையாடும். பெரியவர்கள் மடக்கு நாற்காலியையும் கம்பளியையும் விரித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். இதைப் படித்ததும் நம் ஊர் டூரிங் கொட்டகையின் மணல் தரை யாருக்காவது ஞாபகம் வந்தால் அதில் ஆச்சரியமில்லை.

டிக்கெட்டில் வரும் பணத்தில் பெரும்பகுதி படக் கம்பெனிக்குப் போய்விடுகிறது. கொட்டகைக்காரர் பிழைப்பது தின்பண்டக் கடையால்தான். சோளப்பொரியும், உருளைக்கிழங்கு வறுவலும், இறைச்சி வைத்த ரொட்டியுந்தான் திரையைத் தாங்கி நிற்கின்றன. சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வருகிறவரைக் கண்டால் கொட்டகைக்காரர் முகம் சுருங்குவது இதனால்தான்.

பிலிம் சுருளின் அடைக்கலம்

கடைசியாக, நீலமலைத்தொடரின் இடைவெளி வழியே லீஹை ஆற்றை ஒட்டிச் சென்றால், லீஹைட்டன் என்ற ஊர். இங்கே 1949-ம் வருஷத்து 'மஹோனிங்' கொட்டகை.

2013, 2014-ம் ஆண்டுகளில் படக் கம்பெனிகள் பிலிம் சுருளை நிறுத்திவிட்டு, டிஜிடல் முறைக்கு மாறின. புது இயந்திரத்துக்கு 70,000 டாலர் வரையிலும், அதற்கு மேலும் ஆயிற்று. கோடையில் மட்டும் சம்பாதிக்கும் சிற்றூர்க் கொட்டகைக்கு இது தலையில் இடி. பல கொட்டகைகள் கடன் வாங்கின, சில மூடிவிட்டன. மஹோனிங் கொட்டகையார் யாரும் நினைக்காத வழியைப் பிடித்தார்கள். இயந்திரம் வாங்கப் பணமில்லையா? பழைய இயந்திரத்தையே வைத்துக்கொண்டு, பழைய படங்களையே பிலிமில் காட்டுவோம் என்று துணிந்தார்கள். கேட்டவர்கள் சிரித்திருக்கலாம். ஆனால் பிலிமில் படம் பார்க்கும் ஆசையால் பல மாநிலங்களிலிருந்தும் ரஸிகர்கள் காரில் வரத் தொடங்கினார்கள்.

அப்படியும் சோதனை விடவில்லை. 2021-ல் இந்தக் கொட்டகை நிலத்தில் சூரிய ஒளி மின்நிலையம் அமைக்க ஒரு கம்பெனி திட்டமிட்டது. செய்தி பரவியதும் ரஸிகர்கள் திரண்டு எழுந்தார்கள். சில தினங்களிலேயே கம்பெனி திட்டத்தைக் கைவிட்டது. திரை நின்ற இடத்திலேயே நின்றது.

யார் காப்பாற்றுவார்கள்?

2020-ம் ஆண்டில் கொரோனா நோய் பரவி, மூடிய கொட்டகைகளுக்கெல்லாம் பூட்டுப் போட்டபோது, காரை விட்டு இறங்காமலே படம் பார்க்கும் இந்தக் கொட்டகைகளை நாடே திரும்பிப் பார்த்தது. நோய் தணிந்ததும் அந்தக் கூட்டம் கலைந்தது. ஆனால் மேலே சொன்ன கொட்டகைகள் அந்தக் கூட்டத்தை நம்பிப் பிழைத்தவை அல்ல.

இவற்றில் ஒன்றை டாக்டர் காப்பாற்றினார். ஒன்றைக் குடும்பம் காப்பாற்றியது. ஒன்றை ரஸிகர்கள் காப்பாற்றினார்கள். நிலத்தை விற்றால் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட இவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும், விற்க வேண்டாம் என்று யாரோ ஒருவர் சொன்ன இடத்தில்தான் இன்றைக்கும் பொழுது சாய்ந்ததும் வெள்ளைத் திரையில் வெளிச்சம் விழுகிறது. அந்த மாநிலங்களில் உறவினர் வீட்டுக்குக் கோடையில் போகும் அன்பர்கள், ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்கிவையுங்கள். போகும்போது சாப்பாட்டு மூட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அங்கே வாங்கும் ஒரு பொட்டலம் சோளப்பொரியும் அந்த நிலத்துக்குக் கொடுக்கும் வாடகைதான்.