ஆறு நூற்றாண்டு கண்ட பள்ளி

மன்னர் எழுப்பிய கோட்டைகள் பல இடிந்து மண்ணாயின. ஆயினும், அறிவை வளர்க்க எழுந்த பள்ளிகளுட் சில, காலவெள்ளத்தைக் கடந்து இன்றும் நிலைத்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்று, இங்கிலாந்தின் தென்பகுதியில், விஞ்செஸ்டர் நகரில் உள்ளது. 'விஞ்செஸ்டர் கல்லூரி' என்பது அதன் பெயர். பெயரளவில் கல்லூரியாயினும், அது சிறுவர் தங்கிப் பயிலும் உயர்நிலைப் பள்ளியே ஆகும். அரசின் பொருளுதவியை எதிர்பாராது, தன் சொத்தின் வருவாயாலும் மாணவர் செலுத்தும் கட்டணத்தாலும் நடப்பதால், அது தனித்தியங்கும் பள்ளி எனப்படும்.

இப்பள்ளியை நிறுவியவர் வில்லியம் ஆவ் விக்கம் என்பவர். அவர் எளிய குடியிற் பிறந்தார். அறிவாலும் உழைப்பாலும் உயர்ந்து விஞ்செஸ்டரின் ஆயரானார். அரசனுக்கு அடுத்த நிலையிலிருந்த 'சான்சலர்' பதவியையும் இருமுறை வகித்தார். அவர் இளைஞராய் இருந்த காலத்தில், 1348, 1349-ஆம் ஆண்டுகளில், இங்கிலாந்தைக் கொடிய கொள்ளைநோய் தாக்கியது. மக்கள் எண்ணற்றோர் மாண்டனர்; நோயுற்றோர்க்குத் தொண்டு செய்த குருமாரும் அவர்களுடன் மறைந்தனர். கற்றோர் அருகிய அந்நாட்டிற்குக் கற்றோரை அளிப்பதே தம் கடமை எனக் கருதிய விக்கம், 1379-இல் ஆக்ஸ்போர்டு நகரில் 'புதுக் கல்லூரி'யை நிறுவினார். அதற்கு மாணவரை ஆயத்தம் செய்யும் பொருட்டு, 1382-இல் விஞ்செஸ்டர்ப் பள்ளிக்குப் பட்டயம் வழங்கினார். 1394-இல் மாணவர் புதிய கட்டடத்துட் புகுந்தனர்.

எழுபது சிறுவர் அங்கே இலவசமாகத் தங்கிப் படிக்க வேண்டும். அவர்கள் ஏழைகளாய் இருத்தல் வேண்டும் என்பது நிறுவியவர் வகுத்த விதி. செல்வரும் பிரபுக்களும் தம் மைந்தரை அனுப்ப விரும்பினால், பள்ளிக்குச் செலவின்றிப் பதின்மர் வரை சேர்த்துக் கொள்ளலாம் என்றும் விதி இடம் தந்தது.

பதினேழாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த மாணவர் விடியற்காலை ஐந்து மணிக்கே எழுவர். தாம் உறங்கிய அறையைத் தாமே பெருக்குவர். கோயிலில் வழிபட்டபின் பாடம் கேட்கச் செல்வர். சதுரமான மரப்பலகைகளே அவர்களுக்கு உண்கலம். இலத்தீன் மொழியே தலையாய பாடம். பள்ளி மண்டபத்தின் சுவரிற் சில சின்னங்கள் தீட்டப்பட்டுள்ளன. ஆயரின் முடியும் கோலும் ஒருபுறம்; மைக்கூடும் வாளும் ஒருபுறம்; பிரம்பு ஒருபுறம். கற்பவன் உயர்பதவி பெறுவான். கற்க விரும்பாதவன் வேறு தொழிலை நாடி வெளியேறலாம். இரண்டும் செய்யாதவனுக்கு அடியே மிஞ்சும் என்பது அவற்றின் கருத்து. அடிக்கும் வழக்கம் இங்கிலாந்தின் தனியார் பள்ளிகளிலும் 1999-இல் சட்டத்தால் ஒழிந்தது.

சமையற்கூடத்தின் அருகே 'நம்பிக்கைக்குரிய ஊழியன்' என்னும் விந்தையான ஓவியம் ஒன்று உண்டு. கிடைத்ததை உண்பதைக் காட்டப் பன்றியின் முகம். மறைபொருளைக் காப்பதைக் காட்ட வாயிற் பூட்டு. பொறுமையைக் காட்டக் கழுதையின் செவி. விரைவைக் காட்ட மானின் கால். இடக்கையிற் கருவிகள் நிறைந்திருக்க, வலக்கை நேர்மையின் அறிகுறியாய் விரிந்திருக்கிறது.

ஒவ்வோர் அறையிலும், வயதாலும் அறிவாலும் ஒழுக்கத்தாலும் மூத்த மாணவர் மூவர், இளையோரைக் கண்காணித்துப் படிப்பில் உதவ வேண்டும் என விக்கம் விதித்தார். நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளைகளை ஒத்த இம்முறை, பின்னர் இங்கிலாந்தின் பள்ளிகள் பலவற்றிற் பரவியது. விஞ்செஸ்டரிற் பயின்ற தாமஸ் ஆர்னால்டு, 1828-இல் ரக்பி பள்ளியின் தலைமையாசிரியரானபோது, இம்முறையைத் தம் கல்வித் திட்டத்தின் தூணாகக் கொண்டார். ஆனால், பொறுப்பென அளிக்கப்பட்டது அதிகாரமாக மாறுவதும் உண்டு. இளையோர் மூத்தோர்க்கு ஏவல் செய்யும் நிலை தோன்றியது. 1872-இல் மாணவத் தலைவன் ஒருவன் வேறொரு மாணவனை மட்டுமீறி அடித்த செய்தி நாளிதழ்களில் வெளியாகி, நாட்டிற் பெரும் கண்டனத்தை எழுப்பியது.

ஏழைகளுக்கென்று எழுந்த பள்ளியின் போக்கும் நாளடைவில் மாறிற்று. பதின்மருக்கெனத் திறந்த சிறுவாயில், கட்டணம் செலுத்தும் பல நூற்றுவர் புகும் பெருவாயிலாயிற்று. எழுபது இடங்களுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் போட்டித் தேர்வு ஏற்பட்டது. தேர்வு நடுநிலையானதே, எனினும், அதற்கு ஆயத்தம் செய்யப் பொருள் வேண்டியிருந்தமையால், வறியவர்க்கு அது எட்டாக் கனியாயிற்று.

இன்று இக்குறையைக் களையும் முயற்சிகள் நடைபெறுகின்றன. தகுதி உடைய மாணவர்க்குக் குடும்பத்தின் பொருள்நிலையை நோக்கிக் கட்டண உதவி வழங்கப்படுகிறது. 2022 முதல் மேல்வகுப்புகளில் மாணவியரும் சேர்க்கப்படுகின்றனர். பழைய நன்மரபுகளும் அழியவில்லை. எழுபதின்மர் இன்றும் கறுப்பு மேலங்கி அணிகின்றனர். தேர்வைக் கருதாது, வரலாறும் இலக்கியமும் பிறவும் ஆசிரியருடன் கலந்துரையாடிக் கற்கும் பாடவேளை ஒன்றும் உண்டு. மதிப்பெண் தராத அப்பாடமே மனத்தை விரிவாக்குகிறது.

'ஒழுக்கமே மனிதனை ஆக்கும்' என்பது விக்கம் கொண்ட குறிக்கோள் உரை. குடிப்பிறப்பும் செல்வமும் பெரிதாய் மதிக்கப்பட்ட காலத்தில், எளிய குடியிற் பிறந்த ஒருவர் இவ்வுரையைத் தேர்ந்தது எண்ணி மகிழத்தக்கது. இவ்வுரை மாணவர்க்கு மட்டும் உரியதன்று, பள்ளிக்கும் உரியது. மூத்தவன் இளையவனை எவ்வாறு நடத்துகிறான், வறியவனுக்கு வாயில் திறந்திருக்கிறதா என்பவற்றைக் கொண்டே ஒரு பள்ளியின் ஒழுக்கம் அளக்கப்படும். பழைமை பள்ளிக்கு அழகு தரலாம். பெருமை தருவது இவ்வொழுக்கமே அன்றோ?