ஜார் பைலுக்குள் தொலைந்த சரக்குப் பட்டியல்

மாமாவின் மளிகைக் கடைக்கு ஜாவாவில் ஒரு பில் புரோகிராம் எழுதினேன். சரக்குகளின் பெயர்கள் ஒரு டெக்ஸ்ட் பைலில். எல்லாவற்றையும் ஒரே ஜார் பைலாக்கி, பென் டிரைவில் கொண்டு போனேன். தீபாவளிக்கு முந்தின வாரம், கடையில் கூட்டம். டபுள் கிளிக் செய்தால் விண்டோ திறந்தது, பட்டியல் காலி! மாமா ஒன்றும் பேசாமல் பழைய பில் புத்தகத்தை எடுத்தார்.

ஜார் என்பது வேறொன்றுமில்லை, ஜிப் பைல்தான். 1997ல் ஜாவா 1.1 பதிப்புடன் வந்தது. அதற்குள் போன பைல் ஹார்ட் டிஸ்க்கில் தனி பைலாக இருக்காது. நானோ டிஸ்க்கில் தேடும்படி எழுதியிருந்தேன். என் கம்ப்யூட்டரில் அந்த போல்டர் இருந்ததால் தவறு தெரியவில்லை. கெட்ரிசோர்ஸ் என்று எழுதினால் ஜாவா ஜாருக்குள்ளேயே தேடும்.

மாற்றினேன். மறுபடியும் காலி! பைல் பெயரின் முதல் எழுத்து கேப்பிடல். புரோகிராமில் சின்ன எழுத்து. விண்டோஸ் போல்டரில் இரண்டும் ஒன்றுதான், ஜாருக்குள் வேறு வேறு. (இதற்கு ஒரு ராத்திரி போயிற்று.)

உங்களிடம் ஜார் பைல் இருந்தால் அதைக் காப்பி செய்து, காப்பியின் எக்ஸ்டென்ஷனை ஜிப் என மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். ஒரிஜினலைத் தொடாதீர்கள்.

விலைகளை மட்டும் ஜாருக்குள் வைக்கவில்லை. கெட்ரிசோர்ஸ் மூலம் படிக்கத்தான் முடியும், திருத்தி எழுத முடியாது. துவரம் பருப்பு விலை வாரா வாரம் மாறுகிறதே! அதற்குக் கடைக் கம்ப்யூட்டரிலேயே தனி பைல். மாமாவே திருத்திக் கொள்கிறார்.