சேற்றில் பிடிக்கும் டயர் மழைச் சாலையில் பிடிக்குமா?

மாணவர்களே, என் மைத்துனர் தாப்பாவில் இருக்கிறார். தினமும் காலையில் தம் பிக்கப் வண்டியில் ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறார். போகும்போது சுமார் 60 கிலோமீட்டர், திரும்பும்போது 60, எல்லாம் நல்ல தார்ச்சாலை. சனி, ஞாயிறுகளில் மட்டும் அதே வண்டி அவருடைய சிறிய செம்பனைத் தோட்டத்துக்குப் போகும். அங்கே கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர் செம்மண் பாதை. மழை பெய்தால் அந்தப் பாதை சோப்புத் தடவிய தரை மாதிரி ஆகிவிடும்.

ஒருநாள் வண்டி அங்கே சிக்கிக்கொண்டது. பக்கத்துத் தோட்டக்காரர் டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டார். அந்த வெட்கத்தில் மறுவாரமே நான்கு புது டயர்கள் வாங்கி மாட்டினார். கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும், பார்த்தாலே மிரட்டும் சேற்று டயர்கள். "மச்சான், இனிமே எந்தச் சேத்துலயும் நிக்காது" என்று படம் எடுத்து எனக்கு அனுப்பினார்.

உண்மைதான், சேற்றில் நிற்கவில்லை. மூன்று வாரம் கழித்து, மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், சமிக்ஞை விளக்கு சிவப்பானபோதும் நிற்கவில்லை. பிரேக்கை மிதித்தார். வண்டி கோட்டைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய்ச் சந்திப்பின் நடுவில் நின்றது. நல்லவேளை, குறுக்கே வண்டி எதுவும் வரவில்லை. பக்கத்து இருக்கையில் பள்ளிச் சீருடையோடு அவர் மகள். படிவம் 3 மாணவி.

அன்று இரவு அவள்தான் எனக்குப் போன் செய்தாள். "மாமா, அவ்ளோ பெரிய பூ போட்ட டயரு ஏன் வழுக்குச்சு?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில். (மலாய்க்காரர்கள் டயரின் மேலுள்ள வரிப்பள்ளங்களை 'புங்ஙா தாயார்' என்பார்கள். தமிழ்க் காதில் அது 'பூங்கா தாயார்' என்று விழுந்து சிரிப்பு மூட்டினாலும், 'டயர்ப் பூ' என்பது நல்ல சொல். இங்கே அதையே வைத்துக்கொள்வோம்.)

முதலில் ஒரு கணக்கு. இரட்டைக் கதவு பிக்கப் ஒன்றின் எடை, சுமை ஏதும் இல்லாமல், சுமார் 2,000 கிலோ. நான்கு சக்கரமும் சமமாகத் தாங்குவதாக இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ, அதாவது ஏறக்குறைய 4,900 நியூட்டன் விசை. டயரில் காற்று 36 பிஎஸ்ஐ. பாஸ்கலில் சொன்னால் சுமார் 2,48,000. நீங்கள் அறிவியலைப் பள்ளியில் மலாயில் படித்தாலும் ஆங்கிலத்தில் படித்தாலும் இந்தச் சூத்திரம் மாறாது: அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது. 'தெக்கானான்' பாடத்தில் பார்த்திருப்பீர்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். 4,900-ஐ 2,48,000 ஆல் வகுத்தால் சுமார் 0.02 சதுர மீட்டர், அதாவது 200 சதுர சென்டிமீட்டர்.

ஒரு ஏ4 தாளின் பரப்பு சுமார் 624 சதுர சென்டிமீட்டர். ஆக, ஒரு டயர் தரையைத் தொடும் இடம் அந்தத் தாளில் மூன்றில் ஒரு பங்குதான். நான்கு டயரும் சேர்ந்தாலும் ஒன்றேகால் தாள். இரண்டு டன் வண்டியும், அதில் உட்கார்ந்திருக்கும் நீங்களும், மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும்போது உங்களைச் சாலையோடு பிடித்து வைத்திருப்பது அவ்வளவுதான். டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் உண்மையான அளவு சிறிது மாறும். ஆனால் பெரிய வித்தியாசம் வராது.

இப்போது அந்த ஒன்றேகால் தாளில் கத்தரிக்கோலை வையுங்கள். பூவின் பள்ளம் இருக்கும் இடமெல்லாம் தரையைத் தொடாத இடம். சாலை டயரில் பள்ளங்கள் ஒடுக்கம், ரப்பர் அதிகம். சேற்று டயரில் பள்ளங்கள் அகலம், ஆழம், ரப்பர் குறைவு. கடைக்காரர்கள் இந்த வகைகளை எச்.டி., ஏ.டி., எம்.டி. என்று மூன்றாகப் பிரிப்பார்கள். எச்.டி. நெடுஞ்சாலைக்கு, எம்.டி. சேற்றுக்கு, ஏ.டி. இரண்டுக்கும் நடுவில்.

எம்.டி. டயர் சேற்றில் ஏன் வெல்கிறது? சேற்றில் உராய்வு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அங்கே டயர் மண்வெட்டியாக மாற வேண்டும். பெரிய ரப்பர்க் கட்டைகள் மண்ணுக்குள் இறங்கி, மண்ணைப் பின்னுக்குத் தள்ளி, அந்த எதிர்விசையில் வண்டி முன்னே போகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி, செம்மண்ணில். அடுத்த சுற்றுக்குள் பள்ளத்தில் ஒட்டிய சேறு வெளியே வீசப்பட வேண்டும். பள்ளம் அகலமாக இருந்தால் சக்கரம் சுழலும் வேகத்திலேயே சேறு தெறித்துப் போய்விடும். ஒடுக்கமான பள்ளத்தில் சேறு அடைத்துக்கொள்ளும். அப்புறம் அது டயரே இல்லை, சேறு பூசிய உருளை. என் மைத்துனரின் வண்டி முதலில் சிக்கியது இப்படித்தான்.

சரி, பள்ளம் பெரிதாக இருந்தால் மழைத் தண்ணீரும் நன்றாக வடியுமே? இங்கேதான் பெரியவர்களே ஏமாறுகிறார்கள். மழைச் சாலையில் இரண்டு வேறு ஆபத்துகள் உண்டு.

ஒன்று, சாலையில் தேங்கிய நீரின் மேல் டயர் மிதப்பது. வேகமாகப் போகும்போது டயர் ஒதுக்குவதை விட அதிகமாகத் தண்ணீர் முன்னால் குவிந்தால், அந்த நீர் டயரைத் தூக்கிவிடும். அப்போது ஸ்டியரிங்கும் வேலை செய்யாது, பிரேக்கும் வேலை செய்யாது. நாசா பொறியாளர்கள் 1960-களில் விமானச் சக்கரங்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்ட எளிய விதி இது: டயரின் காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ-இல் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 16.7 ஆல் பெருக்கினால், மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். 36-இன் வர்க்கமூலம் 6, எனவே சுமார் 100 கிலோமீட்டர். பூ தேய்ந்த டயருக்கும், பள்ளத்தை விட ஆழமாக நீர் நிற்கும் இடத்துக்கும் பொருந்தும் கணக்கு இது. நல்ல ஆழமான பூ இருந்தால் மிதப்பது தள்ளிப்போகும். இந்த ஒரு விஷயத்தில் எம்.டி. டயர் மோசமில்லை.

இரண்டாவது ஆபத்துதான் அன்றைய காலையில் நடந்தது. தூறல். சாலையில் ஆழமான நீர் இல்லை, மெல்லிய படலம் மட்டும். அதைக் கிழித்து ரப்பர் சாலையின் சொரசொரப்பைத் தொட வேண்டும். இதற்குப் பெரிய பள்ளம் உதவாது. கத்தியால் கீறியது போன்ற நூற்றுக்கணக்கான சிறு வெட்டுகளும், அவற்றின் விளிம்புகளும்தான் வேண்டும். சாலை டயரின் பூவை உற்றுப் பாருங்கள், அந்தக் கீறல்கள் தெரியும். எம்.டி. டயரின் கட்டைகளில் அவை மிகக் குறைவு. கூடவே, கல்லும் வேரும் கிழிக்காமல் இருக்க அதன் ரப்பர்க் கலவையையே முரடாகச் செய்கிறார்கள். ஈரச் சாலையைப் பிடிப்பதற்கான கலவை வேறு, கல்லுக்குத் தாங்கும் கலவை வேறு.

ரப்பர் சாலையைப் பிடிக்கும் விதமே தனி. பாடப்புத்தகத்தில் உராய்வு பரப்பைப் பொறுத்ததல்ல என்று படித்திருப்பீர்கள். மரக்கட்டைக்கு அது சரி. ரப்பர் மெத்தென்று சாலையின் சிறு மேடுபள்ளங்களுக்குள் அமுங்கி, மெதுவாகத்தான் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. அந்தத் தாமதமே பிடிப்பைத் தருகிறது. அதனால் எவ்வளவு ரப்பர் தொடுகிறது, எப்படிப்பட்ட ரப்பர் தொடுகிறது என்பதெல்லாம் கணக்கில் வரும். நம் தாத்தா பாட்டிகள் விடியற்காலையில் வெட்டி எடுத்த பால் இன்றும் இதில் இருக்கிறது. கிழியாமலும் அதிகம் சூடேறாமலும் இருக்கும் என்பதால் லோரி, விமான டயர்களில் இயற்கை ரப்பரின் பங்கு கூடுதல்.

பிடிப்பு கொஞ்சம் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கிறீர்களா? கணக்குப் போடுங்கள். வண்டி மணிக்கு 80 கிலோமீட்டரில், அதாவது விநாடிக்கு 22.2 மீட்டரில் போகிறது. நிறுத்தும் தூரம் என்பது வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் கெழுவையும் 9.8-ஐயும் பெருக்கியதன் இரு மடங்கால் வகுத்தால் வருவது. ஈரச் சாலையில் ஒரு டயருக்குக் கெழு 0.6, இன்னொன்றுக்கு 0.45 என்று உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். முதல் வண்டி 42 மீட்டரில் நிற்கும். இரண்டாவதுக்கு 56 மீட்டர் வேண்டும். பதினான்கு மீட்டர் வித்தியாசம், மூன்று கார்களின் நீளம். அதை விட மோசமான விடை ஒன்று இருக்கிறது. முதல் வண்டி நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது வண்டி கடக்கும்போது, அதன் வேகம் என்ன? நீங்களே கண்டுபிடித்துப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வரும். 40 கிலோமீட்டரில் ஒரு வண்டி மோதினால் நடந்து போகிறவருக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிக்கப் வண்டிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நான்கு சக்கரமும் சமமாகத் தாங்குகிறது என்று மேலே சொன்னேன், அது வசதிக்காகச் சொன்ன பொய். எஞ்சின் முன்னால். பின்னால் காலித் தொட்டி. சுமை ஏற்றாதபோது பின்சக்கரங்களின் மேல் எடை குறைவு, அதனால் ஈரத்தில் அவை சுலபமாக வழுக்கும்.

சத்தம், எண்ணெய்ச் செலவு இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டைகள் ஒவ்வொன்றாகச் சாலையில் அறைவதால்தான் எம்.டி. டயர் 'ஊஊ' என்று ஊளையிடுகிறது. ஒரே சுருதியில் ஊளையிடாமல் இருக்க, கட்டைகளை வேண்டுமென்றே வெவ்வேறு நீளத்தில் செய்கிறார்கள். அந்தக் கட்டைகள் வளைந்து நெளிவதில் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. டயரின் எடையும் கூடுதல். இரண்டுக்கும் பணம் கொடுப்பது பெட்ரோல் நிலையத்தில்தான்.

மைத்துனர் அடுத்ததாக ஒரு அளவு பெரிய டயர் போடலாமா என்று கேட்டார். வண்டியோடு வந்தது 265/65ஆர்17. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. கடைசி எண் வளையத்தின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் டயரின் மொத்த விட்டம் 776 மில்லிமீட்டர். அதையே 265/70 ஆக்கினால் 803. டயர் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் 3.4 விழுக்காடு கூடும். வேகமானி 100 என்று முன்பு காட்டிய இடத்தில் இப்போதும் 100 என்றே காட்டும், ஆனால் வண்டி முன்னை விட வேகமாக ஓடும். "காமரா பிடிச்சா யாரு கட்டுறது?" என்று மகள் கேட்டாளாம்.

ஆகவே அவருக்கு நான் சொன்னது, அதே அளவில் ஏ.டி. டயர். அதன் பள்ளங்கள் எம்.டி. அளவுக்கு அகலமில்லை, ஆனால் கட்டைகளில் கீறல்கள் நிறைய உண்டு. ஆழ்ந்த சேற்றில் எம்.டி.க்கு ஈடாகாது. நான் பார்த்தவரை, வாரத்தில் 600 கிலோமீட்டர் தார்ச்சாலையிலும் சில கிலோமீட்டர் மண்ணிலும் ஓடும் வண்டிக்கு, அந்தச் சில கிலோமீட்டரை வைத்து டயர் தேர்ந்தெடுப்பது தலைகீழான கணக்கு. தோட்டத்தை விட்டு வெளியே வராத வண்டி என்றால் எம்.டி.தான் சரி.

மீதிச் சேற்றுக்கு மலிவான வழி காற்று. முதல் கணக்குக்குத் திரும்புங்கள். 36 பிஎஸ்ஐ-ஐ 18 ஆகக் குறைத்தால் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய இரு மடங்காகும், வண்டி மண்ணில் புதைவது குறையும். ஆனால் தோட்டத்தை விட்டுத் தார்ச்சாலை ஏறுமுன் மறுபடியும் காற்று நிரப்பியே ஆக வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் அளவுக்கு மீறி நெளிந்து சூடாகி வெடிக்கலாம். நாசா கணக்கிலும் போட்டுப் பாருங்கள்: 18 பிஎஸ்ஐ-இல் மிதக்கும் வேகம் 100-இலிருந்து 71 ஆக இறங்கிவிடுகிறது. வண்டியின் மின்சாரத்தில் ஓடும் சிறிய பம்பு ஒன்றை அவர் இப்போது இருக்கைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். பாதையில் மிக மோசமாக இருந்த இடத்தில் உடைகல்லும் கொட்டிவிட்டார். என்னைக் கேட்டால், அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

உங்கள் வீட்டு வண்டியின் டயரையும் போய்ப் பாருங்கள், அது எந்த வண்டியானாலும் சரி. பக்கச் சுவரில் 'டாட்' என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள், டயர் செய்யப்பட்ட வாரமும் ஆண்டும். 2322 என்றிருந்தால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அளவுக்குப் பக்கத்தில் 112எஸ் என்பது போல இருந்தால், ஒரு டயர் 1,120 கிலோ வரை தாங்கும், 180 கிலோமீட்டர் வேகம் வரை ஓடலாம் என்று பொருள். எவ்வளவு காற்று என்பதை டயரில் தேடாதீர்கள். டயரில் எழுதியிருப்பது உச்ச அளவு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் சரியான அளவு இருக்கும், பிக்கப் என்றால் சுமையோடு எவ்வளவு, சுமை இல்லாமல் எவ்வளவு என்று தனித்தனியாக. பிறகு பள்ளத்துக்குள் விரலை விடுங்கள். அடியில் குறுக்காகச் சின்ன மேடு தட்டுப்படும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பூ தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

மைத்துனரின் நான்கு சேற்று டயர்களும் சில வாரம் வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளியில் கிடந்தன. மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு வந்துவிடும் என்று மகள் தினமும் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டாரே, அந்தப் பக்கத்துத் தோட்டக்காரரே பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார். அவருடைய பழைய பிக்கப் தோட்டத்து வேலியைத் தாண்டுவதே இல்லை.