ஒற்றை மைக், எதிரே நம்ம சனம்

நாடக விழா என்று நோட்டீஸ் வந்தால் நாம் எதை எதிர்பார்த்துப் போகிறோம்? திரை, ஒப்பனை, ஒரு கதை, நடுநடுவே சிரிப்பு. போய் உட்கார்ந்தால் வெறும் மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்து, கவிதையும் பேச்சும் கலந்து பத்து நிமிடம் பேசிவிட்டு இறங்குகிறார். ‘ஸ்போக்கன் வேர்ட்’ என்கிறார்கள். “நாடகம் எப்பய்யா ஆரம்பிக்கும்?” என்று பக்கத்து நாற்காலியில் ஒரு பாட்டி கேட்டால், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கேமரன் மலைக்கும் இந்த மேடைக்கும் பெயரளவில் உறவு உண்டு. நம் நாட்டு மேடைக் கலைகளுக்கென 2002-இல் உருவான விருதின் பெயர் ‘போ கேமரோனியன் கலை விருது’. 1929-இல் ஜே.ஏ. ரசல் தொடங்கிய போ தேயிலை நிறுவனம்தான் ஆதரவு. நாடகம், நடனம், இசை என்று தலைநகர் வட்டாரத்துப் படைப்புகளுக்கு அந்த மேடையில் மரியாதை கிடைக்கிறது. தேயிலையின் பெயர் மேடை ஏறிவிட்டது. கொழுந்து கிள்ளியவர்களின் தமிழ் எப்போது ஏறும்?

ஏறினாலும் ஒரு சிக்கல். தோட்டத்தைப் பற்றிய படைப்பு என்றாலே நகரத்து ரசிகர் எதிர்பார்ப்பது அட்டைக்கடி, கங்காணி, கண்ணீர். கலைஞரும் அதையே அளந்து ஊற்றுகிறார், கைதட்டல் கிடைக்கிறது. அதே படைப்பை ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ நிகழ்த்திப் பாருங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் தன் துயரத்தை இன்னொருவர் வாயால் கேட்க வந்திருக்க மாட்டார். பெரட்டு, கிராணி, மண்டோர் என்ற சொற்கள் சரியான இடத்தில் விழுகின்றனவா என்று பார்ப்பார். மண்டோரைக் கிண்டலடித்தால் முதலில் சிரிப்பவரும் அவர்தான்.

அவர் சும்மா உட்கார்ந்து கேட்கவும் மாட்டார். வில்லுப்பாட்டில் கதை சொல்பவருக்குப் பக்கத்திலேயே ‘ஆமா’ போட ஓர் ஆள் இருப்பார். லாவணியில் காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரண்டு கட்சி கட்டிப் பாடுவார்கள். பட்டிமன்றத்தில் நடுவரை விடக் கூட்டம்தான் முந்தித் தீர்ப்புச் சொல்லும். மேற்கத்தியர்களும் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 1986-இல் சிகாகோவின் கிரீன் மில் விடுதியில் மார்க் ஸ்மித் நடத்தத் தொடங்கிய கவிதைப் போட்டியில், கூட்டத்திலிருந்து யாரோ சிலரைப் பிடித்து நீதிபதிகளாக உட்கார வைத்தார்கள். பிடிக்காவிட்டால் கூச்சல் போடலாம். (வானொலிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்களுக்குக் கூச்சல் கேட்காது, ஸ்டேஷனை மாற்றிவிடுவார்கள்.)

தேயிலைத் தோட்டத்துக் கூட்டத்தை எப்படிப் பிடிப்பது என்று ஒரு பெண்மணி முன்பே காட்டியிருக்கிறார். இலங்கை மலையகத்தில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள், 1930களில் தொழிலாளர் கூட்டங்களில் பாடியவர். எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, அதில் அன்றைய பிரச்சினை. படிக்கத் தெரியாதவர்களும் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். 1940-இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று பாடல்களை நூலாகவும் போட்டார். இன்றைய ஸ்போக்கன் வேர்ட் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்?

காலம் அதிகமில்லை. இன்று கேமரன் மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். தோட்டத் தமிழ் பேசிய குடும்பங்களின் பிள்ளைகள் நகரங்களில் வேலை பார்க்கிறார்கள். அந்தச் சொற்களைக் கேட்டதும் முகம் மலரும் ரசிகர்கள் இப்போது தாத்தா, பாட்டிகள்.

ஆகவே விழாக்குழுவினரே, அடுத்த முறை மலை ஏறுங்கள். நோட்டீஸில் ‘நாடகம்’ என்று ஏமாற்றாமல் ‘பேச்சும் பாட்டும், ஒரு மணி நேரம்’ என்று போடுங்கள். கூட்டத்தின் மேல் விளக்கை அணைக்காதீர்கள், முகம் தெரியட்டும். இரண்டாவது மைக் ஒன்றைக் கீழே கொடுத்துவையுங்கள். பதில் சொல்ல ஆள் வரும். எட்டரைக்குள் முடித்துவிடுங்கள், விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்களும் வந்திருப்பார்கள்.