ஏதிலியரின் வேலைவாய்ப்பும் பர்னபாவின் ஊழியமும்

வ. புதுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரச் சபைகளில் ஊழியம் செய்வோர் மொட்டமலை முகாமை அறிவர். 1983 சூலைக் கலவரத்திற்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர் வாழும், தமிழகத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் அதுவும் ஒன்று. இத்தகைய முகாம்களிலே பிறந்து வளர்ந்து பட்டமும் பெற்ற இளைஞர் பலர், சுவருக்கு வண்ணம் பூசும் நாட்கூலி வேலைக்கே செல்லுகின்றனர். இதன் காரணம் யாது, திருச்சபையின் கடமை யாது என்பதை இங்கு ஆராய்வோம்.

முதலாவது, ஒரு வேறுபாட்டை நாம் அறிதல் வேண்டும். 1964-ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி வந்த மலையகத் தமிழர் இந்தியக் குடியுரிமை பெற்றவர்கள். அவர்களுக்கு வேலை அளிக்கும்பொருட்டு 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. 1983-க்குப் பின் வந்தோரோ குடியுரிமை அற்றவர்கள். ஏதிலியர் ஊதிய வேலை செய்யும் உரிமையை 1951-ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை 17-ஆம் பிரிவிலே கூறுகிறது. இந்தியா அதில் ஒப்பமிடவில்லை. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையர் சேர்க்கப்படவில்லை. ஆகவே அரசுப் பணி அவர்களுக்கு அடைபட்டுள்ளது. தனியார் முதலாளிகளோ முகாம் அடையாள அட்டையைக் கண்டதும் தயங்குகின்றனர்.

பயிற்சி இல்லாமையே குறை என்று நாம் எண்ணிவிடுதல் எளிது. பயிற்சி அளிக்கும் முயற்சிகள் உண்டு. 1984-இல் தோன்றிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் நெடுங்காலமாய்க் கல்வியிலும் தொழிலிலும் இம்மக்களுக்குத் துணைநின்று வருகிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அறிவித்த ஏறத்தாழ 317 கோடி ரூபாய்த் திட்டத்திலே 5,000 இளைஞருக்குத் தொழிற்பயிற்சியும் அடங்கும். இவை நன்றியோடு ஏற்கத்தக்கவை. ஆயினும் சான்றிதழ் பெற்றவனை வேலைத்தலத்தின் வாயிலுக்கு அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும்.

திருமறை இவ்விரண்டையும் காட்டுகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஆம் அதிகாரத்திலே, ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கொரிந்துவிலே பவுலுக்குத் தங்குமிடமும் தொழிலிற் பங்கும் தந்தனர். அகதிகளே அங்கு கொடுப்போராயினர் என்பது நம் சிந்தனைக்குரியது. ஒன்பதாம் அதிகாரத்திலோ, எருசலேம் சீடர் சவுலை நம்பாமல் அஞ்சியபோது, பர்னபா அவனைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் அழைத்துச் சென்று, அவனுக்காகப் பேசினான். சவுலுக்கு அறிவும் ஆற்றலும் குறைவுபடவில்லை. அவனை அறிந்து சான்று கூறுவார் ஒருவரே தேவைப்பட்டார்.

இந்தப் பர்னபாவின் ஊழியத்தை நம் சபைகள் மூன்று வகையில் ஆற்றலாம். ஒன்று, பயிற்சியைத் தெரிந்தெடுக்குமுன், அன்றாடம் சென்று திரும்பும் தூரத்தில் எவ்வேலை கிடைக்கும் என்று கேட்டறிதல். இராஜபாளையத்து நூற்பாலைகளும், சத்திரப்பட்டியின் மருத்துவத் துணி நெசவும் அருகிலுள்ளன. முகாமில் பதிவுக்கு நேரில் வரவேண்டியவருக்குத் தொலைதூர வேலை எளிதன்று. இரண்டு, போதகரோ மூப்பரோ இளைஞனுடன் சென்று, அவனுடைய அட்டையின் தன்மையை முதலாளிக்கு விளக்கி, நற்சான்று அளித்தல். மூன்று, வேலையிற் சேர்ந்தபின்னும் விசாரித்து வருதல். முறையிட இடமற்றவன் என்று கண்டு கூலியைக் குறைப்போர் உண்டு. எளியவனும் அந்நியனுமான கூலியாளுக்கு அன்றைய கூலியைப் பொழுது போகுமுன்னே கொடுக்கவேண்டுமென்ற உபாகமம் 24-இன் கட்டளையை நம் சபையிலுள்ள முதலாளிகளும் கேட்கவேண்டும்.

இவ்வுதவியை மதமாற்றத்திற்கான தூண்டிலாக்குதல் கூடாது. பசித்தவனிடம் விலை பேசுவது நற்செய்தி ஆகாது.

இறுதியாக ஒன்று. நம் திருமண்டிலங்களுக்குப் பள்ளிகளும் மருத்துவமனைகளும் விடுதிகளும் உள்ளன. முகாமிலிருந்து ஒரு செவிலியோ கணக்கரோ விண்ணப்பித்தால், நம் அலுவலகம் என்ன மறுமொழி தரும்? பிறருடைய வாயிலைத் தட்டுமுன் நம் வாயிலைத் திறந்து வைத்தோமா என்பதை முதலில் ஆராய்வோமாக.